பிராசசரை மாற்றுவதா, வேண்டாமா: அம்பாசமுத்திரம் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்புலம்

அம்பாசமுத்திரத்துக்கு அருகே, தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் சிறிய ஸ்டுடியோ ஒன்றில், 2024 பங்குனி முதல் 2025 ஐப்பசி வரை நடந்ததை இந்தக் குறிப்பு பதிவு செய்கிறது. கடையை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அண்ணாச்சி. தட்டச்சு, கல்யாணப் பத்திரிகை, ஆல்பப் பக்கம் கட்டுவது ஆகியவற்றை அவருடைய மனைவி பார்க்கிறார். அவரை நான் அக்கா என்றே அழைப்பேன். மகன் கல்லூரியில் படித்துக்கொண்டே கல்யாண வீடுகளுக்குக் கேமரா தூக்கிப் போகிறார். பல ஆண்டுகளாக அந்தக் கடையின் கம்ப்யூட்டருக்குச் சர்வீஸ் பார்ப்பவன் நான்.

கடையின் வேலை பருவத்தோடு போகும் வேலை. சித்திரை, வைகாசி, ஆவணி, தை மாதங்களில் முகூர்த்த ஆல்பங்கள் வரும். ஆடியில் கல்யாணம் கிடையாது என்றாலும் கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா) உண்டு. அதற்கு நோட்டீஸ், வரி வசூல் ரசீது, ஃபிளக்ஸ் டிசைன் என்று கை ஓயாது. மார்கழி ஒன்றுதான் உண்மையில் ஓய்வு மாதம். ஃபிளக்ஸ் அச்சடிப்பது திருநெல்வேலியில்; இங்கே டிசைன் மட்டும் செய்து ஃபைலை அனுப்பிவிடுவார்கள்.

இத்தனை வேலைக்கும் இருந்தது ஒரே ஒரு மேசைக் கணினி. 2016இல் திருநெல்வேலி ஜங்ஷனில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்தது அது. இன்டெல் கோர் ஐ3-6100 பிராசசர் (கணக்குப் போடும் சில்லு), எச்110 மதர்போர்டு (எல்லாவற்றையும் இணைக்கும் பலகை), 4 ஜிபி டிடிஆர்4 ரேம் (வேலை நடக்கும்போது ஃபைலைத் தாங்கும் மெமரி) ஒரே குச்சியாக, 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. வாங்கிய நாளில் அந்தக் கடைக்கு இது தாராளமான கணினி. அதன்பின் கேமராவின் மெகாபிக்சல் ஏறியது, ஆல்பத்தின் அளவு 12க்கு 36 அங்குலம் ஆனது, பிரவுசரில் வாட்ஸ்அப் எப்போதும் திறந்தே கிடந்தது. கணினி மட்டும் அப்படியே இருந்தது.

கேள்வி வந்த விதம்

2024 பங்குனி உத்திரம் முடிந்த வாரத்தில், சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்வந்தவர்கள் படங்களைப் பிரிண்ட் போடக் கொண்டுவந்துகொண்டிருந்த நாளொன்றில், அண்ணாச்சி போன் செய்தார். “தம்பி, சிஸ்டம் ஒரேயடியா இழுக்கு. பழைய பிராசசர்லா, அதை மட்டும் மாத்திட்டா ஓடும்லா?” என்று கேட்டார். செலவுக்கு 12,000 ரூபாய் ஒதுக்கியிருப்பதாகவும், அதற்கு மேல் ஒரு ரூபாயும் இப்போதைக்கு முடியாது என்றும் சொன்னார். காரணம் கேட்கத் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு கரை கடந்தபோது, கடையின் பின்னறையில் அடுக்கியிருந்த ஃபிரேம் சரக்கு முழுவதும் நனைந்துபோயிருந்தது.

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. சித்திரை பிறந்ததும் முகூர்த்தங்கள். இரண்டு ஆல்பங்களுக்கு முன்பணமும் வாங்கியாயிற்று.

பார்த்ததும் அளந்ததும்

கடைக்குப் போனதும் பெட்டியைத் திறக்கவில்லை. அக்கா வழக்கம்போல் வேலை செய்வதை முக்கால் மணி நேரம் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். ‘இழுக்கு’ என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு காத்திருப்புகள் இருந்தன. அவற்றைத் தனித்தனியாக, கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சில் குறித்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதிலிருந்து ஃபோட்டோஷாப் திறந்து கைக்கு வரும்வரை 4 நிமிடம் 40 நொடி. 10 அடிக்கு 6 அடி ஃபிளக்ஸ் ஃபைல் ஒன்றைத் திறக்க 2 நிமிடம் 50 நொடி. முடிந்த ஆல்பத்தின் 30 ஷீட்டுகளையும் வரிசையாக ஜேபெக்காகச் சேமிக்க 31 நிமிடம்.

அந்த நேரங்களில், எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்தேன். முதல் இரண்டு வேலைகளிலும் பிராசசர் 25 முதல் 40 சதவீதத்துக்குள்ளேயே நின்றது. மெமரி 95 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். இந்த 100 சதவீதத்தைப் பலர் ‘டிஸ்க் முழு வேகத்தில் ஓடுகிறது’ என்று புரிந்துகொள்கிறார்கள். டிஸ்க் ஒரு கணமும் ஓய்வின்றி எதற்கோ பதில் தேடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். கீழே இருந்த வேகக் கணக்கில் நொடிக்கு 2 எம்பிகூட இல்லை. நல்ல நிலையில் உள்ள இவ்வகை டிஸ்க் தொடர்ச்சியான வாசிப்பில் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் தரவேண்டும்.

மெமரி நிரம்பியதற்கு ஒரு தாளில் கணக்குப் போட்டு அண்ணாச்சியிடம் காட்டினேன். 10 அடி என்பது 120 அங்குலம். அங்குலத்துக்கு 72 புள்ளி என்றால் 8,640. 6 அடிக்கு 5,184. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 4 கோடியே 48 லட்சம் புள்ளிகள். நான்கு வண்ண முறையில் ஒரு புள்ளிக்கு 4 பைட். ஆக முழு அளவில் நிரம்பிய ஒரு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு) மட்டும் ஏறத்தாழ 18 கோடி பைட். சாமி படம், பின்னணி, பந்தல் வளைவு, வரிசையாக உபயதாரர் முகங்கள் என்று பத்துப் பன்னிரண்டு லேயர் வந்துவிட்டால், விண்டோஸும் பிரவுசரும் எடுத்துக்கொண்டது போக 4 ஜிபியில் மிச்சம் இருப்பது போதாது. மீதியை ஃபோட்டோஷாப் டிஸ்க்கில் இறக்கி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. அந்த டிஸ்க்கோ நொடிக்கு 2 எம்பியில் தவழ்கிறது.

ஏன் தவழ்கிறது என்று பார்க்க, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் பதிவை ஒரு மென்பொருளில் திறந்தேன். ‘எச்சரிக்கை’ என்று மஞ்சள் நிறம். படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர் (டிஸ்க்கில் பதிவாகும் சிறு பகுதி) என்ற வரிசையில் 28 என்று இருந்தது. அந்த மென்பொருள் அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் காட்டும். நம் கணக்கில் அது 40. மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையும் பூஜ்யமாக இல்லை. எட்டு ஆண்டு ஆல்பங்கள் அத்தனையும் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை.

மூன்றாவது வேலையான ஜேபெக் சேமிப்பில் மட்டும் பிராசசருக்கும் பங்கு இருந்தது. ஆனால் அங்கேயும் சூடு குறுக்கிட்டது. பத்து நிமிடத்தில் வெப்பநிலை 97 டிகிரியைத் தொட்டு, அவ்வப்போது 3.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து வேகம் இறங்கியது. இந்தப் பிராசசருக்கு உச்சவரம்பு 100 டிகிரி. அதை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்தபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. கடைக்கு இரண்டு வீடு தள்ளி ரைஸ் மில். பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையே தவிட்டுத் தூசி இறுகி, விரலால் கிள்ளி எடுத்தால் துணி போல உரிந்து வந்தது. விசிறியைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று போர்டில் பதியாமல் தூக்கிக்கொண்டும் இருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ.

கைபேசியில் கிடைத்த ஐ5

இதற்கிடையே மகன் தன் பங்குக்கு ஒரு தீர்வோடு வந்தார். பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் ஐ5-8400 பிராசசர் 4,500 ரூபாய்க்குக் கிடைப்பதாகக் காட்டினார். அவருடைய வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. “அண்ணே, நம்ம போர்டும் 1151 சாக்கெட், இதுவும் 1151. ஆறு கோர். எட்டாவது தலைமுறைங்கிறதால விண்டோஸ் 11உம் ஏறும்லா” என்றார். மூன்று வாக்கியங்களும் தனித்தனியே சரி. சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல்.

ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசசர்களும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறை பிராசசர்களும் ஒரே 1151 என்ற சாக்கெட் எண்ணை (போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தின் எண்) தாங்கியவை. உருவத்தில் பொருந்தவும் செய்யும். ஆனால் எட்டாம் தலைமுறையில் கோர்களின் (பிராசசருக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகளின்) எண்ணிக்கை கூடியபோது, முன்பு சும்மா விடப்பட்டிருந்த தொடுமுனைகளில் பல மின்சாரத்துக்கும் எர்த்துக்குமாக மாற்றி ஒதுக்கப்பட்டன. அதற்கு 300 வரிசை மதர்போர்டு வேண்டும். எங்கள் எச்110 போர்டில் ஐ5-8400ஐ வைத்தால் கணினி உயிர்பெறாது. போர்டையும் சேர்த்து மாற்றுவது என்றால், அந்த வரிசையில் பழைய போர்டுதான் கிடைக்கும். உத்தரவாதம் இல்லாத போர்டில் உத்தரவாதம் இல்லாத பிராசசரை வைத்து, முகூர்த்த மாதத்தை ஓட்ட நான் துணியவில்லை.

போர்டை மாற்றாமல் ஏற்றக்கூடியவை ஆறாம் தலைமுறையின் ஐ5-6500, ஐ7-6700 போன்றவையும், போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் ஏழாம் தலைமுறையும்தான். இவை அனைத்தும் பழைய பொருளாகவே கிடைக்கும். மிகச் சில விலக்குகள் தவிர, ஏழாம் தலைமுறை வரையான இன்டெல் பிராசசர்கள் விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை என்பதையும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடியும் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது என்பதையும் அவரிடம் சொன்னேன்.

எடுத்த முடிவும் காரணமும்

பிராசசரை இப்போது தொடவேண்டாம் என்று முடிவானது. பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் பேச்சு நீண்டது. என் முதல் சொல் வெளியில் இணைக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கவேண்டும் என்பது. அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. வேகம் கேட்டால் பீரோ வாங்கச் சொல்வது போல இருக்கிறது என்றார். 4,300 ரூபாயை, கணினியை ஒரு நொடிகூட விரைவுபடுத்தாத ஒரு பொருளில் போடுவது 12,000க்குள் திட்டமிடுபவருக்கு உறுத்தலாகத்தான் இருக்கும். அந்த மஞ்சள் எச்சரிக்கையை மறுபடியும் காட்டி, இந்த நிலையில் பிராசசரை மாற்றி வேலைவாங்கினால் டிஸ்க் இன்னும் கடுமையாக உழைக்கவேண்டி வரும் என்றும், அது நின்றுபோனால் முன்பணம் வாங்கிய ஆல்பங்களும் சேர்ந்து போகும் என்றும் விளக்கினேன். அக்காதான் பேச்சை முடித்தார். முதலில் படங்கள் பத்திரமாகட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

கணக்கு இப்படி அமைந்தது. வெளி டிஸ்க் 4,300. 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) 3,000. 8 ஜிபி ரேம் இரண்டு குச்சி 3,300. பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட்டும் சுத்தம் செய்யும் பொருள்களும் 150. என் கூலி 800. மொத்தம் 11,550 ரூபாய். ரேமை இரண்டு குச்சியாக வாங்கியது இரு தடங்களிலும் சேர்ந்து ஓடுவதற்காக. இந்தப் போர்டில் இருப்பது இரண்டே இடங்கள் என்பதால் பழைய 4 ஜிபி வெளியேறியது. கடையில் கிடைத்த ரேமில் 3200 என்று எழுதியிருந்தாலும் இந்தப் பிராசசரோடு அது 2133 வேகத்தில்தான் ஓடும். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தேன். இல்லாவிட்டால் யாராவது பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டேன் என்பார்கள்.

வேலை நடந்த வரிசை

தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் இரண்டு இரவுகள் நகலெடுப்புக்குப் போயின. டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய முயலவில்லை. கெட்ட செக்டரில் முட்டி நின்றுவிட்டால் மொத்த நேரமும் வீண். முன்பணம் வாங்கிய இரண்டு ஆல்பங்கள் முதலில், பிறகு அந்த ஆண்டின் வேலைகள், பிறகு பின்னோக்கி ஒவ்வோர் ஆண்டாக என்று வைத்துக்கொண்டோம். ஏறத்தாழ 600 ஜிபியில் 23 ஃபைல்கள் மட்டும் படிக்க முடியாமல் போயின. அவற்றில் 2018ஆம் ஆண்டுக் கல்யாணம் ஒன்றின் ஆல்ப மூல ஃபைல்கள் முக்கியமானவை. அச்சுக்கு அனுப்பிய ஜேபெக் பிரதிகள் தப்பியிருந்ததால் பெரிய இழப்பு இல்லை.

ஏப்ரல் 19 வாக்குப்பதிவு நாளில் கடைக்கு விடுமுறை. காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வேலையைத் தொடங்கினேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒவ்வொன்றுக்கும் பின் அதே மூன்று வேலைகளை அதே ஃபைல்களோடு மறுபடி அளந்தேன்.

தூசி எடுத்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவி, நான்கு ஊசிகளும் ‘டக்’ என்று பதியும்வரை அழுத்தியபின், அதே சேமிப்பு வேலையில் வெப்பநிலை 68 டிகிரியைத் தாண்டவில்லை. 31 நிமிட வேலை 27 ஆனது. செலவு 150 ரூபாய். திறக்கும் நேரங்களில் மாற்றம் ஏதும் இல்லை.

ரேம் போட்டபின் ஃபிளக்ஸ் ஃபைல் 1 நிமிடம் 20 நொடியில் திறந்தது; ஆல்பச் சேமிப்பு 21 நிமிடத்துக்கு வந்தது. கடைசியாக எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றி, வேலை செய்யும் ஃபைல்களையும் அதிலேயே வைத்து அளந்தபோது, சுவிட்சிலிருந்து ஃபோட்டோஷாப் வரை 32 நொடி, ஃபிளக்ஸ் 22 நொடி, ஆல்பம் 13 நிமிடம். இந்தக் கடைசி முன்னேற்றத்தில் ஒரு பங்கு எஸ்எஸ்டிக்கு. இன்னொரு பங்கு எட்டு ஆண்டுக் குப்பை இல்லாத புது விண்டோஸுக்கு. இரண்டையும் பிரித்து அளக்க எனக்கு அன்று நேரம் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு தடுமாற்றம். சுடலைமாடசாமி கோயில் கொடை நோட்டீஸின் பழைய ஃபைலை அக்கா திறந்தார். சாமி பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவிந்து கிடந்தன. அந்தக் கடையின் நோட்டீஸ்கள் எல்லாம் யூனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் செய்தவை. அவ்வகை எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். படங்களை நகலெடுப்பதிலேயே கவனமாக இருந்த நான் எழுத்துருக் கோப்புறையை மறந்துவிட்டேன். அண்ணாச்சி டிராயரில் போட்டுவைத்திருந்த பழைய டிஸ்க்கை மறுபடி இணைத்து, முக்கால் மணி நேரம் அதன் முனகலைக் கேட்டபடி, எழுத்துருக்களை ஒவ்வொன்றாக மீட்டோம். கொடைக் கமிட்டிக்காரர்கள் இருவர் பெஞ்சில் அமர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் பிராசசர்

வைகாசிக் கடைசியில் அதே கேள்வி வேறு வடிவில் வந்தது. இம்முறை கேட்டவர் மகன். திருநெல்வேலியில் தெரிந்தவரிடம் ஐ7-6700 இருக்கிறது, 7,000 ரூபாய், போர்டுக்கும் பொருந்தும் என்றார். இப்போது கேள்வியில் நியாயம் கூடியிருந்தது. டிஸ்க்கும் மெமரியும் வழிவிட்டபின், எஞ்சியிருந்த காத்திருப்பு பிராசசரில்தான். அவர் கல்யாண வீடியோக்களைச் சுருக்கி ஐந்து நிமிட ஹைலைட்ஸ் கட்டத் தொடங்கியிருந்தார். ஒரு வீடியோ வெளிவர 44 நிமிடம் ஆனது, அதற்குள் அக்காவுக்கு வேலை ஓடாது.

வேறு கடையில் கழற்றிய ஐ5-6500 ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. அதை இரண்டு நாளுக்கு இரவலாகப் போட்டுப் பார்த்தோம். வாங்குமுன் இப்படிச் சோதிக்க வாய்ப்பது அபூர்வம். வீடியோ 44 நிமிடத்திலிருந்து 27க்கு இறங்கியது. ஆல்பம் 13 நிமிடத்திலிருந்து 12 நிமிடம் 40 நொடி. இல்லை என்றே சொல்லலாம்.

இந்த வேறுபாட்டின் காரணம் எளிது. ஐ3-6100க்கு இரண்டு கோர், ஆனால் எப்போதும் 3.7 கிகாஹெர்ட்ஸ். ஐ5-6500க்கு நான்கு கோர், உச்ச வேகம் 3.6. ஐ7-6700க்கு நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடுகள்), உச்சம் 4.0. வீடியோ வெளியீடு வேலையைப் பங்கிட்டு எல்லாக் கோர்களுக்கும் கொடுக்கும். ஜேபெக் சேமிப்பு பெரும்பாலும் ஒரே கோரில் ஓடும். ஒரே கோரில் ஓடும் வேலைக்கு 3.7இலிருந்து 4.0 என்பது அதிகம் போனால் 8 சதவீதம். ஆக 7,000 ரூபாய் செலவு கடையின் முதன்மை வருமானமான ஆல்ப வேலைக்கு ஏறக்குறைய எதையும் தராது. மாதத்துக்கு மூன்று வீடியோ செய்யும் மகனுக்கு மட்டும் உதவும்.

அவருக்கும் முழுமையாக உதவாது என்பது சோதனையின் இரண்டாம் நாளில் தெரிந்தது. அவர் வாடகைக்கு எடுக்கும் புதிய கேமரா 10 பிட் எச்இவிசி என்ற வீடியோச் சுருக்க முறையில் பதிவு செய்கிறது. அதை முழுமையாக விரித்துக் காட்டும் தனிச் சுற்று ஆறாம் தலைமுறையின் உள்ளமை கிராஃபிக்ஸில் இல்லை. ஏழாம் தலைமுறையில்தான் அது வந்தது. ஐ3 ஆனாலும் ஐ5 ஆனாலும், டைம்லைனில் ஓடவிட்டால் மணமகன் தாலி எடுப்பது ஒரு படம், கட்டி முடித்தது அடுத்த படம் என்று தாவியது. ஐ7-6700உம் அதே தலைமுறைதான்.

எனவே வாங்கவில்லை. அந்த 7,000ஐ அப்படியே புதுக் கணினிக்கான முதல் தொகையாக ஒதுக்குவது என்றும், வீடியோ வருமானத்தில் ஒரு பங்கை அதோடு சேர்ப்பது என்றும் அப்பாவும் மகனும் பேசிக்கொண்டார்கள். ஐ5-6500ஐ நான் கழற்றி எடுத்துவந்தேன். அதை 2,500 ரூபாய்க்குக் கொடுத்துவிடுங்கள் என்று அண்ணாச்சி கேட்காமல் இல்லை. ஏழு மாதத்துக்காக அந்தப் பணத்தைக் கரைக்கவேண்டாம் என்று சொன்னேன். அது சரியான ஆலோசனைதானா என்பதில் எனக்கு இன்றும் சிறு ஐயம் உண்டு. மாதம் மூன்று வீடியோவுக்குப் பதினேழு நிமிடம் வீதம் மிச்சம் என்பது சிறிது என்றாலும், அந்த நிமிடங்களில்தான் வீட்டில் சண்டை வந்தது.

பின்னர் நடந்தது

2025 தைப்பொங்கலுக்கு முன், மார்கழியின் ஓய்வு நாட்களில், புதுக் கணினி வந்தது. ஐ5-12400 பிராசசர், எச்610 போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி; மானிட்டர் இல்லாமல் 32,000 ரூபாய்க்குள் முடிந்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. 10 பிட் வீடியோவை இதன் உள்ளமை கிராஃபிக்ஸே தாங்குகிறது. அதே ஐந்து நிமிட ஹைலைட்ஸ் 9 நிமிடத்தில் வெளிவருகிறது. ரேமை அப்போதே வாங்கியதில் முன்யோசனை எதுவும் இல்லை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறியபோது அண்ணாச்சி என்னைப் பாராட்டினார், நானும் மறுக்கவில்லை.

பழைய கணினி அக்காவின் மேசைக்குப் போனது. 2025 அக்டோபர் 14 நெருங்கியபோது, விண்டோஸ் 10க்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறும் திட்டம் இருப்பதைச் சொன்னேன். அக்காவின் வேலைக்கு இணையமே தேவையில்லை என்று தெரிந்ததால், கேபிளைப் பிடுங்கிவிடுவது என்று முடிவானது. நோட்டீஸும் பத்திரிகையும் அதில். ஃபிளக்ஸ் ஃபைலை அனுப்புவதும் வாட்ஸ்அப்பும் புதியதில். இரண்டுக்கும் இடையே ஒரு பென் டிரைவ் மட்டும் போய்வருகிறது. அதைப் புதியதில் செருகும் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்வது மகனின் பொறுப்பு.

வேறாகச் செய்திருக்க வேண்டியவை

இந்த நிகழ்வில் முதல் தவறு என்னுடையது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் மின்சாரம் திரும்பிய வாரத்தில், கணினி திறக்கும்போது நீலத்திரையில் நிற்கிறது என்று அக்கா போன் செய்தார். டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளையைப் போனிலேயே சொல்லி ஓடவிட்டேன், இரவு முழுவதும் ஓடி, காலையில் கணினி திறந்தது, நானும் மறந்துவிட்டேன். அன்றே நேரில் போய் ஸ்மார்ட் பதிவைப் பார்த்திருக்கவேண்டும். மேலும், தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கை நகலெடுக்காமல் மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைப்பது அதன் கடைசி மூச்சையும் வாங்கக்கூடிய வேலை. நாங்கள் தப்பியது தற்செயல்.

எழுத்துருக்களை மறந்ததை மேலே சொன்னேன். இப்போது எந்த டிடிபி (தட்டச்சு, அச்சு வடிவமைப்பு) கடையிலும் விண்டோஸை மாற்றுமுன், எழுத்துருக் கோப்புறையையும் தட்டச்சு மென்பொருளின் அமைப்புகளையும்தான் முதலில் நகலெடுக்கிறேன். அதன்பின் கொடை நோட்டீஸ் ஒன்றையும் கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் திறந்து காட்டாமல் கடையை விட்டுக் கிளம்புவதில்லை.

வெளி டிஸ்க் விஷயத்திலும் ஒரு குறை இருந்தது. பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்த எட்டு ஆண்டு ஆல்பங்களும் அந்த ஒன்றில் மட்டுமே இருந்தன. அதாவது ஒற்றை நகலில் இருந்து இன்னோர் ஒற்றை நகலுக்கு மாறியிருந்தோம், அவ்வளவுதான். 12,000க்குள் இரண்டாவது டிஸ்க்குக்கு இடமில்லை என்பது உண்மை. ஆனால் அதை நான் அன்றே வெளிப்படையாகச் சொல்லி, அடுத்த முகூர்த்த வருமானத்தில் முதல் செலவு அதுதான் என்று குறித்து வைத்திருக்கவேண்டும். ஆவணியில்தான் இரண்டாவது டிஸ்க் வாங்கப்பட்டது. இப்போது ஒன்று கடையில் இருக்கிறது. மற்றொன்று சேரன்மகாதேவியில் அண்ணாச்சியின் தங்கை வீட்டு அலமாரியில், ஆற்று மட்டத்துக்கு மேலாக, மாடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை மகன் செங்கோட்டை ரயிலில் போய் அதை எடுத்துவந்து, புதியவற்றை ஏற்றி, திரும்பக் கொண்டுபோய் வைக்கிறார்.